இரண்டாம் கோட்

பலூன் சுடும் துப்பாக்கி.
முப்பது ரூபாய்க்கு ஆறு குண்டு.
எண்ணூர்க் காற்று தின்றது போக
மீதி இரும்புதான் என் கையில் இருந்தது.

கறுப்பு கேட்டேன். கடையில் தீர்ந்துவிட்டதாம்.
ஆட்டோ மஞ்சள் இருக்கு, நாற்பது ரூபாய் கம்மி என்றான்.
சரி,
குறிபார்க்கிறவன் கண்ணில் பலூன்தானே படணும்.

மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன்.
பெட்ரோல் துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன்.
உப்பு தின்ற இரும்பை உப்புத்தாளால் தேய்த்தேன்.
குழல் வாயில் பேப்பரைத் திருகிச் செருகி
விசைக்கு டேப் சுற்றி
துணிக்கொடியில்,
என் நைட்டிக்கும் மகனின் யூனிஃபார்முக்கும் நடுவே
இரண்டு கொக்கியில் தொங்கவிட்டேன்.

டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு கோலி ஓடுகிறது.
ஒரு முழம் தள்ளி நின்னு அடி,
கை நின்னா ஒழுகிடும்,
மெல்லிசா மூணு தடவை, நடுவுல கால் மணி விடு
என்று டிங்கர் ஷெட்டு ஏசுபாதம் சொல்லியிருந்தான்.
நான் இரண்டோடு நிறுத்திவிட்டேன்.
பசி.

மணலிப் பக்கமிருந்து வந்த கரித்தூள் கொஞ்சம் ஒட்டியது.
ஒரு கொசு உட்கார்ந்தது, எழவில்லை.

எதிர் ஃபிளாட் மூன்றாம் மாடிக்காரர்
போன் போட்டிருக்கிறார்:
சார், கொடியில துப்பாக்கி காயுது.

படியில் ஷூ சத்தம்.
எங்கள் தெருவில் போலீஸ் படியேறினால்
யார் வீட்டுக்கு என்று கேட்க மாட்டார்கள்
எந்தப் பிள்ளைக்கு என்றுதான் கேட்பார்கள்.

ஏட்டு மூச்சு வாங்கினார்.
என்னம்மா இது?
பலூன் சார்.
பலூனா?
பலூன் சுடுறது சார், பில்லு இருக்கு.
நம்பாமல் கையை நீட்டினார்.
சார் ஈரம் என்று நான் சொல்வதற்குள்
கட்டையின் வலப்பக்கம்
அவர் பெருவிரல் பதிந்துவிட்டது.

விரலைப் பார்த்தார்.
காக்கியில் துடைக்க முடியாது.
கொடியில் என் நைட்டியைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
பெட்ரோல் துணியைக் கொடுத்தேன்.
நல்லா காய வைங்க,
இறங்கிப் போனார்.

அந்த ஸ்டேஷனில்தான் என் தம்பி ஞானமணிக்குப்
பத்து விரலையும் மையில் உருட்டினார்கள்,
எடுக்காத ஒரு செல்போனுக்காக.
அந்தத் தாள் எந்த பீரோவில் கிடக்கிறதோ.

எத்தனை நாள் நின்னுச்சு என்று ஏசுபாதம் கேட்டான்.
மடக்கும் மூட்டில் முதல் ஞாயிறே போச்சு.
பிடியில் மூணு வாரம்:
மாங்காய் மிளகாய்த்தூள், பஜ்ஜி எண்ணெய்,
பொண்ணு பக்கத்தில் நிற்கும்போது பையனுக்கு ஊறும் வேர்வை.
இடப்பக்கம், கன்னம் வைக்கும் இடம்
பவுடரோடு உரிந்தது.
ஐப்பசி மழையில் கொப்புளம் கட்டி
நகம் பட்டால் வஞ்சிரச் செதிலாய் வந்தது.
மாசித் திருவிழாவுக்குத் தேரடியில் கடை போட்டபோது
பாதி மஞ்சள், பாதி துரு.
புலி மாதிரி இருக்குக்கா என்றது ஒரு வாண்டு.

ரேகை மட்டும் அப்படியே.
சுழி, நடுவில் ஒரு பழைய வெட்டு,
கொசுவுக்கு இரண்டு விரல் தள்ளி.
இடதுகைக்காரர்கள் வந்தால்தான் அங்கே கன்னம் படும்.
எனக்கு வருஷத்துக்கு நாலு பேர் வருவார்கள்.

தேர் பந்தோபஸ்துக்கு வந்தவர்
காசு கொடுக்காமல் ஆறு குண்டு சுட்டார்.
ஒரு பலூனும் வெடிக்கவில்லை.
துப்பாக்கி கோணல் என்றார்.
ஆமா சார் என்றேன்.
தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டு நின்றது
அவருக்குத் தெரியவில்லை.

இன்று கடையில் கறுப்பு வந்துவிட்டதாம்.
உப்புத்தாள் நானூறாம் நம்பர், இரண்டு டப்பா,
ஒரு சுருள் டேப்.
முதலில் அந்த இடத்தில்
சின்னச் சதுரமாய் வெட்டி ஒட்டுகிறேன்,
ஓரத்தை நகத்தால் அழுத்தி.
பிறகுதான் குலுக்குவேன்.